சட்டி வைக்காத வீடு

பழைய பிள்ளைக் காம்பரா,
கீழ்ப்பிரிவு, நோட்டன் பிரிட்ஜ்.
28.08.2025

பேச்சியம்மாவுக்கு நல்லமுத்து எழுதுவது.

உன் தம்பியின் போனுக்கு எத்தனையோ தடவை எடுத்துவிட்டேன். "அக்கா பேச மாட்டேங்குது மச்சான். சொல்ல இருக்கிறத எழுதி அனுப்பச் சொல்லுது" என்கிறான். எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பங்களாக் குசினியில் சமையல்காரனாக இருந்து சாமான் வாங்கக் கொடுத்த துண்டுச் சீட்டுகள்தான். இந்தக் கடிதத்தின் நடுவே முட்டை, மாஜரீன், ஒரு போத்தல் வெனிலா என்று ஏதாவது வந்தால் கண்டுகொள்ளாதே.

செவப்பி நலம். நான்தான் நலமில்லை. நீ போனதிலிருந்து அது என்னை உதைக்கிறது. நேற்று உன் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு பால் கறக்கப் போனேன். பக்கத்து வீட்டு மீனம்மா பார்த்துவிட்டு, "அண்ணே, மாடு ஏமாறாது. வேலை வாங்குற கண்டாக்குதான் ஏமாந்துபோயி ஒங்களக் கொழுந்தெடுக்க அனுப்பிருவாரு" என்றாள். மகளைப் புதைத்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. சிரித்துவிட்டு உடனே முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள், எதையோ திருடிவிட்டவள் மாதிரி.

படையலைப் பற்றி என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நீதான் ஒரு வார்த்தை கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாயே.

ஜூன் மாத மழையில் மலை இறங்கியது. அதற்கு முன்பே எல்லாரையும் மேலே இந்தப் பிள்ளைக் காம்பராக் கட்டடத்துக்குக் கூட்டிவந்துவிட்டார்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு வருகிறேன் என்று வினோஜன் நம் லயத்து வீடுகளுக்குத் திரும்பிப் போனான். மாடு வந்தது. ஆமிக்காரர்கள் தோண்டினார்கள். யாரும் பார்க்காத நேரம் கீழே ஓடிப்போயிருந்த மீனம்மாவின் கிருஷாந்தி கிடைத்தாள். நம் பையன் கிடைக்கவில்லை. பிறகு அவர்களும் மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்பாய். தெரியும். ஆனால் எழுதிப் பார்த்தால்தான் நடந்தது மாதிரி இருக்கிறது.

ஆடி போய் ஆவணி பிறந்ததும் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கருமாதி செய்யாவிட்டால் பிள்ளை அலைவான் என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவன் குளிர் தாங்க மாட்டான். படையலில் அவனுக்குப் பிடித்ததை வைக்கச் சொன்னார்கள். கறியும் மீனும் எல்லாரும் வைப்பார்கள். அவனுக்குப் பிடித்தது நம் வீட்டுக் கேக். சட்டியில் மணலைப் பரப்பி, மேலே தகர மூடியில் தேயிலை மிலாற்றுக் குச்சித் தணலைக் கொட்டி, அவன் சின்னதிலிருந்து பார்த்த மாதிரியே போட்டேன். கினிகத்தேனை பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவன் என்ன சொல்வான்? "அப்பா, ஒங்க கேக்கு மேல கரி, கீழ கரி, நடுவுல மட்டும் மழை பேஞ்சிருக்கு." இதுவும் அப்படித்தான் வந்தது. அதை இலையில் வைத்தபோது நீ பார்த்தாய்.

நான் அவனைச் சாகடிக்கவில்லை பேச்சி. பசியோடு இருக்கக் கூடாது என்றுதான் வைத்தேன்.

பதில் போடு. திட்டியாவது போடு.

நல்லமுத்து


உடப்புசல்லாவை.
05.09.2025

வினோ அப்பாவுக்கு,

ஏன் பேசவில்லை என்று தம்பியைத் தொந்தரவு செய்ய வேண்டாம். போனில் நீங்கள் சிரிக்க வைப்பீர்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து எந்தச் சண்டையையும் நீங்கள் முடித்தது அப்படித்தான். இந்தச் சண்டை முடிய எனக்கு இஷ்டமில்லை. காகிதத்தில் உங்கள் முகம் தெரியாது.

செவப்பி மேலே வந்தபோது கழுத்தில் கயிறு முழுசாக இருந்தது. அறுந்த கயிறு இல்லை. முளையிலிருந்து அவிழ்த்த கயிறு. நீங்களும் கையில் பிடித்துப் பார்த்தீர்கள். அப்படியென்றால் அவிழ்த்தவன் கொட்டிலுக்குள் இல்லை, வெளியே வந்திருக்கிறான். இளம் பையன், கால் இருக்கிறது, ஓடியிருப்பான். எங்கே ஓடினான் என்று தெரியாத வரைக்கும் அவன் வெளியே போன பிள்ளை. வெளியே போன பிள்ளைக்குச் சோற்றை மூடி வைப்பார்கள். படையல் வைக்க மாட்டார்கள்.

இங்கே வந்த அன்று அடுத்த காம்பரா வீட்டுக்காரிகள் ஆளுக்கொரு சட்டியில் சோறும் குழம்பும் கொண்டுவந்தார்கள், சாவு வீட்டுக்குக் கொண்டுவருகிற மாதிரி. நிஷாந்தி என்கிறவள் அழவும் ஆரம்பித்தாள். "எதுக்குடி அழுவுற? எம் புள்ள வெளிய போயிருக்கான்" என்று சொல்லி எல்லாவற்றையும் மூடி திறக்காமல் திருப்பி அனுப்பினேன். தம்பிக்கு வெட்கமாகிவிட்டது. ஆகட்டும்.

அடுத்த மாதம் தீபாவளி. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். நான் வைப்பேன். முந்தின நாளே அங்கே வந்துவிடுவேன். அதிரசமும் முறுக்கும் என் கையால் சுடுவேன். நீங்கள் கேக் போடுங்கள். எப்போதும் போல நம் தட்டு எல்லா வீட்டுக்கும் போகும். வாங்க மாட்டேன் என்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும், ஒம் மகன் செத்துட்டான்னு.

செவப்பிக்கு முதலில் தவிடு வையுங்கள், பிறகு கறங்கள். சேலை வேண்டாம்.

பேச்சியம்மா


நோட்டன் பிரிட்ஜ்.
14.09.2025

பேச்சி,

தவிடு பலித்தது. உதை பாதியாகக் குறைந்திருக்கிறது. மீதிப் பாதி என் முகத்துக்காக என்று நினைக்கிறேன்.

நீ எழுதிய கயிற்றை நானும் யோசிக்காமல் இல்லை. யோசித்தால் விடிந்துவிடுகிறது. அதை விடு. நான் சொல்ல வந்தது இந்தக் கட்டடத்தைப் பற்றி.

இங்கே சுவர் என்பது சேலைதான். நான் தும்மினால் கடைசி வீட்டுக்காரர் ஆயுசு நூறு என்கிறார். கொழுந்துக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டிய தழும்பு கூரைக் கம்பிகளில் இன்னும் இருக்கிறது. வினோவைப் போட்ட கம்பி எது என்று படுத்துக்கொண்டே தேடுவேன். எல்லாக் கம்பியும் ஒரே மாதிரி இருக்கிறது.

இந்த ஒரு கூரைக்குக் கீழே நீ எண்ணெய்ச் சட்டி வைத்தால் வாசனை எந்த வழியாக வெளியே போகும்? என் சேலைக்கு அந்தப் பக்கம் மீனம்மா படுத்திருக்கிறாள். தீபாவளி என்றால் கிருஷாந்தி பல் விளக்காமலேயே நம் வாசலில் வந்து நிற்பாள். முதல் அதிரசத்தை நீ அவளுக்குத்தான் கொடுப்பாய்.

மீனம்மாவிடம் பட்டும் படாமல் கேட்டுப் பார்த்தேன்.

"அண்ணி சட்டி வைக்கட்டும்ணே. நான் அன்னிக்கு மலைக்குப் போயிட்டு வாரேன்" என்றாள்.

"தீபாவளி அன்னிக்கு எந்த மலைக்கு?"

"எதாச்சும் ஒரு மலைக்கு. இங்க மலைக்கா பஞ்சம்?"

பிறகு, "எனக்கு அண்ணி மேல பொறாமையா இருக்குண்ணே. அவங்களுக்கு இன்னும் சந்தேகமாச்சும் இருக்கு" என்றாள். நான் எழுந்து போய்ச் செவப்பிக்குத் தண்ணீர் வைத்தேன். அது ஏற்கெனவே குடித்திருந்தது.

நீ தட்டைக் கொண்டுபோனால் யாரும் உன் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வாங்கிக்கொள்வார்கள். சேலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சாப்பிடாமல் வைத்திருப்பார்கள். சாவு வீட்டுப் பலகாரத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது. மறுநாள் அது செவப்பியின் தொட்டியில் கிடக்கும். நீ சுட்ட அதிரசத்தை மாடு தின்பதை உன்னோடு நின்று பார்க்க என்னால் முடியாது.

சட்டி வைக்காதே என்று நான் சொல்லவில்லை. நான் சொல்லி நீ கேட்டதாகச் சரித்திரமும் இல்லை. தம்பி வீட்டிலேயே வையேன் என்கிறேன்.

நல்லமுத்து


உடப்புசல்லாவை.
24.09.2025

வினோ அப்பாவுக்கு,

மீனம்மா சொன்னதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அவள் தன் பிள்ளையைத் தன் கையால் குளிப்பாட்டினாள். தலை சீவிவிட்டாள். எனக்கு வந்தது ஒரு மாடு. யாரைப் பார்த்து யார் பொறாமைப்படுவது?

அவளை மலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். நான் வெளியே அடுப்பு மூட்டிக்கொள்கிறேன், தண்ணீர் பிடிக்கிற பீலிக்குக் கீழே. காற்று அந்தப் பக்கம் போகும். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு சுடுவேன்.

தம்பி பெண்டாட்டி ரோகினியும் நீங்கள் சொன்னதையேதான் சொல்கிறாள். "இங்கயே சுடுங்க மதினி, இதும் நம்ம வீடுதானே" என்றாள். "அவன் வந்து நிக்கப்போறது அந்த வாசல்ல" என்றேன். "அந்த வாசலே மண்ணுக்குள்ள போயிருச்சே மதினி" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க அவளோடு நான் பேசவில்லை. ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கோபம்.

பச்சரிசி வாங்கியாகிவிட்டது. கித்துள் கருப்பட்டி கடைத்தெருச் சிங்கள அம்மா தந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் மகன் வந்தாச்சா என்று கேட்பாள். இன்னும் இல்லை என்பேன். சரி என்று தன் வேலையைப் பார்ப்பாள். நம் ஆட்கள் அப்படிக் கேட்பதில்லை. என்னைப் பார்த்ததும் குரலை இறக்கிக்கொள்கிறார்கள்.

நீங்கள் ஒன்றை மட்டும் சொல்லுங்கள். அவன் இருக்கிறானா இல்லையா என்று உங்களைக் கேட்கவில்லை. நான் தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகும்போது நீங்கள் என்னோடு வருவீர்களா?

பேச்சியம்மா


நோட்டன் பிரிட்ஜ்.
03.10.2025

பேச்சி,

இது சும்மா எழுதுகிற கடிதம்.

முதல் செய்தி, நான் முடி வெட்டிக்கொண்டேன். வெட்டியவர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஒரு பக்கம் பார்த்தால் மாப்பிள்ளை, மறுபக்கம் பார்த்தால் மாமனார். இரண்டாவது, செவப்பி தொழிற்சங்கத் தலைவரின் கூட்டத்துக்குள் நுழைந்து மேசை விரிப்பைத் தின்றுவிட்டது. கூட்டத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது, கோடி வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று கேக் போட்டேன். நடுவில் அமுங்கிவிட்டது. பிள்ளைகள் அதற்கு மண்சரிவுக் கேக் என்று பேர் வைத்துவிட்டார்கள். பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. நான் சிரித்தேன்.

மதகு கட்டுவதற்கு மண் வெட்டும் மிஷின் வந்திருக்கிறது. பகல் முழுக்க ஒரே சத்தம்.

நீ அவசரப்பட்டு வர வேண்டாம். தீபாவளிக்கு நானே அங்கே வந்துவிடலாமா என்று பார்க்கிறேன். ரோகினி கையால் சாப்பிட்டு நாளாகிறது. அரிசியை இப்போதே ஊறப்போட்டுவிடாதே.

நல்லமுத்து


உடப்புசல்லாவை.
09.10.2025

வினோ அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் கேலி அதிகம். உங்கள் அம்மா செத்த அன்று பாடை கட்ட வந்தவர்களைச் சிரிக்க வைத்தவர் நீங்கள். அது எனக்குத் தெரியும்.

நான் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. மிஷின் வந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னும் பின்னும் மாடு, முடி.

மிஷின் என்ன எடுத்தது? தம்பியிடம் போனில் சொல்ல வேண்டாம். எனக்கு எழுதுங்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும்.

பேச்சியம்மா


நோட்டன் பிரிட்ஜ்.
13.10.2025

பேச்சி,

மூன்று காகிதத்தைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். உட்கார்ந்து வாசி. ரோகினியைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

மிஷின் கீழ் மதகுக்குப் பக்கத்தில் மண்ணை எடுக்கும்போது ஒரு ஆளைக் கண்டார்கள். நான் அங்கேதான் நின்றேன். அவர்கள் என்னைத் தள்ளிக் கொண்டுபோய் வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். மீனம்மாவின் வீட்டுக்காரன் கூட வந்தான். உனக்கு அந்தச் சும்மாக் கடிதத்தை எழுதியது அங்கிருந்து திரும்பி வந்துதான்.

உடம்பைப் பற்றி எழுத மாட்டேன். நீயும் கேட்காதே. உடுப்பை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. வாயை மட்டும் பார்க்கச் சொன்னேன். மேல் வரிசையில் முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. சரிவாக உடைந்த பாதி. அவன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது தீபாவளிக்கு நீ சுட்ட முறுக்கைக் கடித்து உடைத்துக்கொண்ட பல். பேச்சி முறுக்கைக் கடிப்பதற்கு முன்னால் டாக்டரிடம் துண்டுச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேனே, அந்தப் பல். நான் அத்தனை தடவை சொல்லிச் சிரிக்காவிட்டால் எந்தப் பல், எந்தப் பக்கம் என்று எனக்கு அன்றைக்கு ஞாபகம் வந்திருக்குமோ என்னவோ. இதை உனக்கு எழுதலாமா கூடாதா என்றுதான் மூன்று காகிதம் போனது. உனக்கு என்மேல் கோபம் வந்தால் நியாயம்தான்.

பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார், உன் மகனா என்று. "ஒவ் மாத்தயா" என்றேன். ஆமாம் ஐயா என்று சிங்களத்தில் சொல்லிவிட்டேன். தமிழில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மீனம்மாவின் வீட்டுக்காரன் கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினேன். உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். அவன் நம் வினோ.

என் இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள். அதற்குக் காகிதம் வர இன்னும் நாளாகும் என்றார்கள். அது வந்த பிறகுதான் நம்மிடம் தருவார்கள். காகிதம் வரும்வரைக்கும் நம்ப மாட்டேன் என்று நீ சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். தீபாவளிக்குச் சட்டி வைத்தே தீருவேன் என்றால், நீ கேட்ட கேள்விக்குப் பதில் இது: தட்டைப் பிடித்துக்கொண்டு உன்னோடு வருவேன். எல்லா வீட்டுக்கும் வருவேன்.

இன்னொன்று. கயிற்றைப் பற்றி நீ சொன்னது சரி. அவன் கொட்டிலில் இல்லை. கொட்டிலிலிருந்து கீழ் மதகு எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். மாட்டை மேலே விரட்டிவிட்டு, மண் வருவதைப் பார்த்து அவ்வளவு தூரமும் ஓடியிருக்கிறான்.

நல்லமுத்து


உடப்புசல்லாவை.
20.10.2025

வினோ அப்பாவுக்கு,

புதன்கிழமை வருகிறேன். ஹட்டன் பஸ் நிலையத்தில் நில்லுங்கள். நாளை மரக்கறி லொறி ஹட்டன் வழியாக அந்தப் பக்கம் வருகிறது. தம்பி அந்த டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புவான். எனக்கு முன்னால் இது வந்துவிடும். வந்த பிறகு இதில் இருக்கிறதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம். வாயால் சொல்ல முடியாது என்றுதான் எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பீலிக்குப் போய் அங்கே உட்கார்ந்து வாசித்தேன். ரோகினியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அரிசியை ஊறப்போட்டேன். இடித்தேன், பாகு காய்ச்சினேன், மாவைப் பிசைந்து பானையில் வைத்து வாயைக் கட்டினேன். அங்கே எப்போது போகிறீர்கள் என்று ரோகினி கேட்டாள். போகலாம் என்றேன். சனிக்கிழமை பஸ்ஸும் போனது, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸும் போனது.

பல்லைப் பற்றி எழுதியதற்குக் கோபம் வரவில்லை. நான் போயிருந்தாலும் அதைத்தான் காட்டச் சொல்லியிருப்பேன்.

இன்று காலை ரோகினி குளித்துவிட்டு வந்து, "மதினி, மாவு புளிச்சிரும். சட்டி வைக்கவா?" என்றாள்.

"ஒன் வீட்டுக்கு நீ வைம்மா" என்றேன்.

"ஒங்களுக்கு?"

"எனக்கு வேணாம்."

அவள் கையில் வைத்திருந்த எண்ணெய்ப் போத்தலை அப்படியே கீழே வைத்தாள். தம்பியைக் கூப்பிட்டாள். அவன் வந்து என்னைப் பார்த்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதான். அவர்களும் அடுப்பு மூட்டவில்லை. நான் அழவில்லை. அங்கே வந்து அழுவேன்.

பக்கத்து வீடுகளில் எல்லாம் எண்ணெய் காய்ந்தது. பத்து மணி போல நிஷாந்தி வந்தாள், அன்றைக்கு நான் திருப்பி அனுப்பினேனே, அவள். தட்டைத் துணியால் மூடிக் கொண்டுவந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே வரப் பயம். நான் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன். முறுக்கு, அதிரசம், கடையில் வாங்கிய கேக் இரண்டு துண்டு. குசினிக்குக் கொண்டுபோய் வேறு தட்டில் கொட்டினேன்.

தீபாவளித் தட்டை நான் எப்போதும் சும்மா திருப்பியதில்லை, உங்களுக்குத் தெரியும். நம் பலகாரம் வைப்பேன், இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போடுவேன். சாவு வீட்டுக்காரி ஒன்றும் போடக் கூடாது, கழுவவும் கூடாது. சீனிப் போத்தல் பக்கத்திலேயே இருந்தது. கை அதுவாகவே மூடியைத் திறந்துவிட்டது. மறுபடியும் மூடினேன்.

வெறும் தட்டைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துணியை மடித்துத் தட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பேச்சியம்மா